நாலு வெள்ளி தொண்ணூறு

பத்தொன்பது அறுபதைக் குறுக்கே வெட்டி
நாலு தொண்ணூறு என்று பச்சையில் போட்டிருந்தார்கள்.
விற்பனை முடிய இன்னும் மூன்று மணி நேரம்.
ஈசூனில், பதினோராம் மாடியில்,
மின்விசிறி இரண்டாம் எண்ணில் சுற்ற
நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

கதை நாலு மணி நேரத்தில் முடிந்துவிடுமாம்.
மணிக்கு ஒரு வெள்ளி இருபத்திரண்டரைக் காசு.
கீழே கோப்பிக்கடையில் ஒரு கோப்பி
ஒன்று அறுபது, ஆறு மிடறு.
மீன் சூப் விலையைச் சொல்லவே வேண்டாம்.
சினிமா என்றால் இரண்டு பேருக்கு முப்பது வெள்ளி,
அதில் கார்வண்ணன் பாதிப் படம் தூங்கிவிடுவார்.

ஆனால் போன சித்திரையில் வாங்கியதை
இன்னும் திறக்கவில்லை.
அதற்கு முந்தைய தீபாவளிக்கு மூன்று.
அவையும் அப்படியே.
மலிவென்று வாங்கிய சேலைகளாவது
அலமாரியைத் திறந்தால் மேலே வந்து விழும்.
இவை விழுவதும் இல்லை.

டிசம்பரில் இரண்டு தொண்ணூறு ஆகும், பொறு
என்றாள் நூர்ஹயாத்தி.
மருத்துவமனையின் அடித்தளத்தில்
கத்தரிகளையும் இடுக்கிகளையும் எண்ணித்
தட்டில் அடுக்கி நீராவிக்கு அனுப்புவது எங்கள் வேலை.
எதையும் எண்ணாமல் விடமாட்டாள்.

விரல் தவறிவிட்டது என்று சொல்லலாம்.
தவறவில்லை.

பதினான்கு மொழிகளில் வசனம் இருந்தது,
தமிழ் இல்லை.
ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் பதில் சொன்னேன்,
பக்கத்து அறைக்குக் கேட்காமல்.

பனி. ஒரு துறைமுகம். ஒரு சீட்டு ஜன்னல்.
உள்ளே தோர்டிஸ் என்றொருத்தி,
சில்லறை எண்ண வசதியாகக்
கையுறையின் விரல்நுனிகளை வெட்டிவிட்டிருந்தாள்.
என்னிடம் ஏழு நாணயம்.
ரொட்டி வாங்கலாம், தொலைபேசியில் பேசலாம்,
அல்லது கடைசிப் படகில் ஏறலாம்.
மூன்றில் ஒன்று.

படகில் ஏறத்தான் காசு கொடுத்திருந்தேன்.
அக்கரையில்தான் கதை இருக்கிறது என்று
விளம்பரத்தில் எழுதியிருந்தது.
ஆனால் ஜன்னலைத் தட்டும்போதெல்லாம்
அவள் வேறொன்று சொன்னாள்.
குளிர் என்றாள். படகு தாமதம் என்றாள்.
தம்பி எழுதுவதில்லை என்றாள்,
என்னிடம் சொல்வது போலவும் இல்லாமல்.

ரொட்டி வாங்கி ஜன்னலோரம் வைத்தேன்.
அதற்கும் இடம் விட்டு வைத்திருந்தார்கள்.
அவள் அதை இரண்டாகப் பிய்த்துப்
பெரிய பாதியை என் பக்கம் தள்ளினாள்.
படகு ஊதிக்கொண்டு போய்விட்டது.

நாலு மணி நேரம்கூட இல்லை, மூன்றேகால்தான்.
ஓரிடத்தில் அவள் வாய் அசைந்த பிறகே குரல் வந்தது.
இன்னோரிடத்தில் ஒரு நாய்
சுவருக்குள் புகுந்து மாட்டிக்கொண்டது.
இரண்டு மணி நேரத்துக்குள் பிடிக்கவில்லை என்றால்
காசைத் திருப்பித் தருவார்களாம்.
இரண்டு மணி நேரம் கடந்ததை நான் பார்க்கவில்லை.

காலை ஆறேகால், பேருந்து நிறுத்தம்.
கழுத்தெல்லாம் வேர்வை.
கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தேன்,
அது குளிருக்குச் செய்வது என்று
வண்டி வந்த பிறகுதான் உறைத்தது.

வாங்கினாயா, காசுக்குத் தகுமா
என்று கேட்டாள் நூர்ஹயாத்தி.
சின்னது, என்றேன்.
அங்கங்கே மாட்டிக்கொள்கிறது,
நாய் சுவருக்குள் போகிறது,
நீ டிசம்பர் வரை பொறு.
எதுவும் பொய் இல்லை.
அந்த ஜன்னலுக்கு முன்னால்
இன்னொருத்தி போய் நிற்பது
எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இடுக்கிகளை எண்ணினேன். பதினொன்று.
திரும்ப எண்ணினேன். பன்னிரண்டு.
என்ன ஆச்சு உனக்கு என்று
தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.
தன் பாதியை அவள் தின்றாளா,
தம்பி வந்தால் கொடுக்கலாமென்று
காகிதத்தில் சுற்றி வைத்தாளா.
அதற்குள்தான் திரை இருண்டுவிட்டது.